மூன்று முறை படைப்பிரிவு மாறிய விமானி

எந்த நாட்டுப் பட்டாளமானாலும் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் இளைஞனுக்கு முதலில் எல்லோருக்கும் பொதுவான பயிற்சி அளிப்பார்கள். விடியுமுன் எழுவது, வரிசையில் நிற்பது, துப்பாக்கியைத் துடைப்பது, கட்டளைக்குக் கீழ்ப்படிவது என்று சில காலம் ஓடும். அது முடிந்ததும் அவனை ஏதாவது ஒரு பிரிவில் சேர்த்துவிடுவார்கள். அவன் எதை விரும்புகிறான் என்பதைவிட, எங்கே ஆள் தேவை என்பதே அங்கு பெரிது. ஒரு முறை ஒதுக்கிய இடத்தை விட்டு வேறு பிரிவுக்கு மாறுவது எளிய காரியம் அன்று. மேலதிகாரி சம்மதிக்க வேண்டும். மருத்துவர் சம்மதிக்க வேண்டும். புதிய பிரிவின் வேலையை அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டும். அதனால்தான் பெரும்பாலோர் கிடைத்த இடத்திலேயே காலத்தைக் கழித்துவிடுகிறார்கள்.

அப்படிக் கழிக்க மறுத்த ஒருவரின் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். ‘குட்டி இளவரசன்’ என்ற சிறிய நூலைத் தோழிகளில் பலர் படித்திருப்பீர்கள். 1981-ஆம் ஆண்டு பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்த நூல் அது. அதன் ஆசிரியர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. அவரை எழுத்தாளராக அறிந்தவர்கள் பலர். ஆனால் அவர் தம்மை முதலில் ஒரு விமானியாகவே எண்ணினார். அந்த விமானி வேலைக்காக அவர் மூன்று முறை படைப்பிரிவு மாறினார். மூன்று முறையும் அவர் கேட்டது சுகமான இடத்தை அன்று.

பிறப்பும் இளமையும்

பிரெஞ்சு நாட்டின் லியோன் நகரில் 1900-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் அந்த்வான் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் அவர் மூன்றாமவர். பழைய பிரபுக் குடும்பம்தான். ஆனால் பட்டம் இருந்த அளவுக்குப் பணம் இல்லை. அவருக்கு நான்கு வயது நிறையுமுன்னே, 1904-இல் தந்தை திடீரென்று இறந்துபோனார். ஐந்து பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பு தாய் மரியின் தோள்மேல் விழுந்தது. உறவினரான முதிய பெண்மணி ஒருவருக்குச் சேன்-மோரிஸ் என்னும் ஊரில் பெரிய மாளிகை இருந்தது. பிள்ளைகள் விடுமுறை நாட்களை அங்கே தோட்டத்திலும் மரநிழலிலும் ஆடிப்பாடிக் கழித்தார்கள்.

அந்த மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் அம்பேரியோ என்னும் இடத்தில் ஒரு விமானத்தளம் இருந்தது. சிறுவன் அந்த்வான் சைக்கிளில் அங்கே போய், இயந்திரங்களைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டு அங்கிருந்தவர்களைத் துளைத்தெடுப்பானாம். 1912-இல், பன்னிரண்டு வயதில், ஒரு விமானி அவனை ஏற்றிக்கொண்டு வானில் ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். தாயின் அனுமதி கிடைத்துவிட்டது என்று அவன் சொன்ன சொல்லை நம்பித்தான் அவர் ஏற்றினார் என்று சொல்வார்கள். அன்று மண்ணைவிட்டு எழும்பிய மனம் பிறகு மண்ணில் நிலையாக இறங்கவே இல்லை.

ல மான் நகரில் சேசு சபைக் குருக்கள் நடத்திய பள்ளியிலும், முதல் உலகப் போர்க் காலத்தில் சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர் நகரில் மரியானிஸ்ட் துறவியர் நடத்திய பள்ளியிலும் அவர் பயின்றார். படிப்பில் முதல் மாணவர் அல்லர். கனவு காணும் பிள்ளை என்றே பெயர். 1917-இல் அவருக்கு அடுத்துப் பிறந்த தம்பி பிரான்சுவா நோயுற்று இறந்தான். ஆருயிர்த் தோழனாக இருந்த அந்தத் தம்பியின் பிரிவை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

மூடிய கதவு

பள்ளி முடித்ததும் கடற்படை அதிகாரியாக வேண்டும் என்று அந்த்வான் விரும்பினார். பாரிசில் தங்கி, கடற்படைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்குப் படித்தார். தேர்வில் வெற்றி கிட்டவில்லை. 1919-இல் அந்தக் கதவு மூடிவிட்டது. பிறகு கட்டடக் கலை வகுப்புக்குச் சிறிது காலம் போனார். அதிலும் மனம் ஒட்டவில்லை. இருபது வயது இளைஞர்; கையில் பட்டம் இல்லை, தொழில் இல்லை. தாயிடமிருந்து வரும் பணத்தில்தான் காலம் ஓடியது. பிற்காலத்தில் உலகம் போற்றிய மனிதர் இந்த வயதில் இந்த நிலையில் இருந்தார் என்பதைத் தேர்வு கண்டு அஞ்சும் நாம் நினைவில் வைப்பது நல்லது.

முதல் மாற்றம்: தரையிலிருந்து வானுக்கு

அக்காலத்தில் பிரெஞ்சு இளைஞர்கள் கட்டாயம் இராணுவ சேவை செய்ய வேண்டும். 1921 ஏப்ரலில் அந்த்வானுக்கு அழைப்பு வந்தது. ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருந்த இரண்டாம் விமானப் படைப்பிரிவில் அவரைச் சேர்த்தார்கள். விமானப்படை என்ற பெயரைக் கேட்டு மகிழ்ந்திருப்பார். ஆனால் கிடைத்ததோ தரைப்பணி. பறப்பவர்களுக்காக விமானத்தைத் தள்ளவும், துடைக்கவும், பழுது பார்க்கவும் தரையில் ஆட்கள் வேண்டுமல்லவா? அவர்களில் ஒருவராக அவர் நின்றார். கண்ணெதிரே விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நடக்கும். இவரோ அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

இராணுவ விமானிகளுக்கான பயிற்சியில் இடம் பெற அவருக்கு ஒரு வழி தெரிந்தது. தனியார் பயிற்சியாளரிடம் பறக்கக் கற்றுத் தேறினால், தரைப்பணியிலிருந்து மாற்றிவிடும்படி கேட்கலாம். அதற்குப் பணம் வேண்டும், அதுவும் பெருந்தொகை. தாய்க்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். மகன் பறப்பதை எண்ணி எந்தத் தாய் அஞ்சாமல் இருப்பாள்? ஆயினும் அந்தத் தாய் எப்படியோ பணத்தை ஏற்பாடு செய்து அனுப்பினார். ரொபேர் ஏபி என்ற விமானி ஜூன் மாதம் பாடம் தொடங்கினார். பகலில் படைமுகாம் வேலை. கிடைத்த நேரத்தில் பறக்கும் பாடம். சில வாரங்களிலேயே, ஜூலை மாதத்தில், அந்த்வான் தன்னந்தனியாக ஒரு விமானத்தைச் செலுத்தி இறக்கினார்.

அதன்பின் மாற்றம் கிடைத்தது. வட ஆப்பிரிக்காவில், மொரோக்கோ நாட்டின் காசாபிளாங்காவில் இருந்த முப்பத்தேழாம் படைப்பிரிவுக்கு அவரை அனுப்பினார்கள். வெயிலும் மணலும் தனிமையும் நிறைந்த இடம். அங்கே பயின்று, 1921-ஆம் ஆண்டு டிசம்பரில் இராணுவ விமானிக்குரிய உரிமத்தைப் பெற்றார். எட்டு மாதங்களுக்கு முன் விமானம் துடைத்த கை, இப்போது விமானத்தின் கட்டுப்பாட்டைப் பிடித்தது. மறு ஆண்டு அதிகாரிப் பயிற்சியும் முடித்து, துணை லெப்டினன்ட் ஆனார்.

மீண்டும் அரிச்சுவடி

ஆனால் வெற்றிக்கு நேர்கோட்டுப் பாதை யாருக்கும் அமைவதில்லை. 1923-இல் பாரிசுக்கு அருகே லெ பூர்ஜே தளத்தில் அவருடைய விமானம் விழுந்து நொறுங்கியது. மண்டையோட்டில் முறிவு. உயிர் பிழைத்தார். அவ்வாண்டே இராணுவ சேவை முடிந்தது. மணம் பேசியிருந்த பெண்ணின் குடும்பத்தார் இந்த ஆபத்தான தொழிலை விரும்பவில்லை. அவர்களுக்காக ஓடு செய்யும் நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுத உட்கார்ந்தார். அந்த மணமும் நடக்கவில்லை. பிறகு லாரி விற்கும் வேலை. ஒன்றரை ஆண்டில் ஒரே ஒரு லாரி விற்றார் என்று சொல்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அவர் பட்ட சலிப்பு, காயத்தின் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

1926-இல் அவருக்கு வழிகாட்டியவர் பழைய ஆசிரியரான சுதூர் என்னும் குருவானவர். அவருடைய சிபாரிசால் துலூஸ் நகரில் இருந்த லத்தேகோயேர் விமான நிறுவனத்தின் அறிமுகம் கிடைத்தது. பிரெஞ்சு நாட்டிலிருந்து ஸ்பெயின், மொரோக்கோ வழியாகச் செனகல் நாட்டின் டாக்கார் வரை தபால் கொண்டுசெல்லும் நிறுவனம் அது. நிர்வாகி திதியே தோரா மிகக் கண்டிப்பானவர். இராணுவ விமானியாக இருந்தவர், அதிகாரியாக இருந்தவர் என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. முதலில் பட்டறைக்குப் போய் இயந்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவச் சொன்னார். அந்த்வான் முகம் சுளிக்காமல் கழுவினார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் எங்கே தொடங்கினாரோ, அதே இடத்தில் மறுபடியும் தொடங்கினார்!

அங்கிருந்து அவர் வாழ்வு ஒளிபெற்றது. 1927-இல் சகாராப் பாலைவனத்தின் ஓரத்தில், கடலுக்கும் மணலுக்கும் இடையே, கேப் ஜூபி என்னும் தளத்துக்குப் பொறுப்பாளராக அனுப்பப்பட்டார். ஒரு மரக் குடில், உப்புக் காற்று, எட்டு நாட்களுக்கு ஒருமுறை தபால் விமானம். பாலைவனத்தில் விழுந்த விமானிகளைத் தேடிப்போய் மீட்பதும், அவர்களைச் சிறைபிடித்த பாலைவனக் குழுவினரிடம் சமாதானம் பேசுவதும் அவர் வேலை. அவர்களிடம் அவர் பகைமை பாராட்டவில்லை. அவர்கள் மொழியைக் கற்றார். தேநீர் அருந்திப் பேசினார். அந்தச் சேவைக்காக 1930-இல் பிரெஞ்சு அரசு ‘லெஜியன் ஆஃப் ஹானர்’ விருதளித்தது.

தென் அமெரிக்காவிலும் அவர் பணியாற்றினார். 1930 ஜூனில் நண்பர் கியோமே ஆண்டிஸ் மலைப் பனியில் விழுந்துவிட்டபோது, நாள்தோறும் மலைமுகடுகளுக்கிடையே பறந்து தேடினார். கியோமே ஐந்து நாட்கள் பனியில் நடந்தே உயிர்தப்பி வந்தார். 1931-இல் ‘இரவுப் பயணம்’ என்று பொருள்படும் நாவல் ஃபெமினா பரிசு பெற்றது. அவ்வாண்டே கொன்சுவேலோ என்ற பெண்மணியை மணந்தார். 1935 டிசம்பர் இறுதியில் பாரிசிலிருந்து சைகோன் செல்லும் போட்டிப் பயணத்தில், லிபியப் பாலைவனத்தில் விமானம் மோதியது. அவரும் இயந்திர உதவியாளர் பிரெவோவும் தண்ணீரின்றிப் பல நாட்கள் அலைந்து, மரணத்தின் வாயிலில் ஓர் அரபு நாடோடியால் காப்பாற்றப்பட்டார்கள். 1938-இல் குவாத்தமாலாவில் மற்றொரு விபத்து. உடலில் பல எலும்புகள் முறிந்தன. அந்தக் காயங்கள் முழுமையாக ஆறவே இல்லை.

இரண்டாம் மாற்றம்: பாதுகாப்பிலிருந்து ஆபத்துக்கு

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அப்போது செந்த்-எக்சுபெரிக்கு வயது 39. அவ்வாண்டுதான் பிரெஞ்சு அகாடமி அவருடைய நூலுக்கு நாவலுக்கான பெரும்பரிசை அளித்திருந்தது. நாடறிந்த எழுத்தாளர்; உடல் முழுவதும் பழைய முறிவுகள். கேப்டன் பதவியில் துலூஸ் அருகே இளம் விமானிகளுக்குப் பயிற்சி தரும் பொறுப்பில் வைத்தார்கள். மருத்துவர்கள் அவரைப் போர்முனைக்குத் தகுதியற்றவர் என்றனர். சிந்தித்துப் பார்த்தால் இதில் தவறேதும் இல்லை. அனுபவமுள்ளவர் கற்பிப்பது நல்ல பணியே. மரியாதையும் உண்டு; உயிருக்கு ஆபத்தும் இல்லை.

ஆனால் அவரால் அங்கே இருக்க முடியவில்லை. தம்மிடம் படித்த இளைஞர்கள் முனைக்குப் போக, தாம் பின்னே தங்குவது அவருக்கு முள்ளாய்க் குத்தியது. மேலிடத்துக்குக் கடிதங்கள் எழுதினார். நண்பர்களை அனுப்பினார். முதலில் சண்டை விமானப் பிரிவைக் கேட்டார். வயது காரணமாக மறுத்துவிட்டார்கள். இறுதியில் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் 2/33 என்னும் வேவு விமானப் பிரிவில் இடம் கிடைத்தது. ஷாம்பேன் பகுதியில் ஒர்கோந்து என்ற சிற்றூரில் அப்பிரிவு முகாமிட்டிருந்தது.

வேவு விமானம் என்றால் என்ன என்று தோழிகள் கேட்கலாம். சண்டை விமானம் எதிரி விமானத்தைத் துரத்தும். குண்டு விமானம் குண்டு வீசும். வேவு விமானத்தின் வேலையோ எதிரியின் நாட்டுக்குமேல் பறந்து படம் எடுத்து வருவது. படை எங்கே நிற்கிறது, பாலம் எங்கே, ரயில் எங்கே போகிறது என்பதைப் பார்த்துவந்து சொல்ல வேண்டும். திரும்பி வந்தால்தான் போன பயன். வராமற்போனால், உயிரும் போயிற்று, செய்தியும் போயிற்று. கொல்வதைவிடக் காண்பதையே தொழிலாகக் கொண்ட பிரிவு அது. உலகைக் கண்டு எழுதிய ஒருவருக்கு அது பொருத்தமாகவே அமைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

புதிய விமானம், புதிய கருவிகள், பிராணவாயு முகமூடி எல்லாவற்றையும் தம்மைவிட இளையவர்களுடன் உட்கார்ந்து கற்றார். ஒர்கோந்துவின் குளிர்காலத்தில் ஒரு விவசாயி வீட்டில் தங்கினார். சீட்டு வித்தைகள் காட்டித் தோழர்களைச் சிரிக்கவைத்தார்.

1940 மே மாதம் ஜெர்மானியப் படை வெள்ளம்போல் பாய்ந்தது. வேவுக்குப் போன விமானங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பாமற்போயின. மூன்றே வாரங்களில் தம் பிரிவின் 23 குழுக்களில் 17 அழிந்தன என்று அவரே தம் நூலில் குறித்திருக்கிறார். மே 23-ஆம் நாள் அராஸ் நகரை நோட்டமிட்டு வரும்படி அவருக்குக் கட்டளை வந்தது. தோல்வி உறுதியாகிவிட்ட நேரம் அது. கொண்டுவரும் செய்தியைப் பயன்படுத்தத் தலைமைக்கு வழியிருக்குமா என்பதே ஐயம். ஆயினும் போனார். எரியும் நகரத்தின்மேல் தாழ்வாகப் பறந்து, நாற்புறமும் பீரங்கிகள் சுட, உடன் வந்த இருவருடன் உயிரோடு திரும்பினார். அதற்காகப் போர்ச்சிலுவை விருது பெற்றார். அடுத்த மாதமே பிரெஞ்சு நாடு பணிந்தது.

மூன்றாம் மாற்றம்: முடியாது என்ற இடத்துக்கு

தோல்விக்குப்பின் 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவர் அமெரிக்காவின் நியூயார்க் வந்து சேர்ந்தார். அராஸ் பயணத்தைப் பற்றிய நூலை 1942-இல் வெளியிட்டார். அங்கிருந்தபோதுதான் ‘குட்டி இளவரசன்’ எழுதப்பட்டது. அதன் படங்களையும் அவரே வரைந்தார். பிரெஞ்சு நாட்டில் பசியிலும் குளிரிலும் வாடிய நண்பர் லெயோன் வெர்த்துக்கு அதைக் காணிக்கையாக்கினார். 1943 ஏப்ரல் 6-ஆம் நாள் நூல் வெளிவந்தது. அம்மாதமே அவர் அமெரிக்கக் கப்பற்படை அணியுடன் வட ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டார். தாம் எழுதிய நூல் உலகப் புகழ் பெறுவதைக் காண அவர் காத்திருக்கவில்லை.

அங்கே அவருடைய பழைய 2/33 பிரிவு இப்போது அமெரிக்கத் தலைமையின்கீழ் இயங்கியது. ‘லைட்னிங்’ என்னும் இரட்டை இயந்திர விமானம் அவர்களுடையது. ஒரே ஆள் ஓட்டுவது. பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் பறப்பது. அதற்கு விதித்த வயது வரம்பை அவர் எப்போதோ தாண்டிவிட்டார். பழைய காயங்களால் பறக்கும் உடையைத் தாமாக அணிய முடியாது. பிறர் உதவ வேண்டும். ஆபத்து வந்தால் பாராசூட்டில் குதிப்பதும் இயலாது. இத்தனையும் தெரிந்தே மறுபடியும் மாணவராக உட்கார்ந்து அந்த விமானத்தைக் கற்றார். 1943 ஜூலையில் பிரெஞ்சு நாட்டின்மேல் பறந்து படம் எடுத்து வந்தார்.

அடுத்த பயணத்தில் தடுமாற்றம் ஏற்பட்டது. ஆகஸ்டு முதல் நாள் தரையிறங்கும்போது விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடிச் சேதமடைந்தது. அமெரிக்க அதிகாரிகள் அவரைப் பறக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இதை நாம் நியாயமாகப் பார்க்க வேண்டும். அந்த அதிகாரிகளைக் கொடியவர்கள் என்று சொல்வதற்கில்லை. விலையுயர்ந்த விமானம், வயது கடந்த விமானி, புதிய கருவிகள். எந்தப் பொறுப்புள்ள தலைவரும் அஞ்சத்தான் செய்வார். விதிகள் பலவும் உயிரைக் காக்கவே வகுக்கப்பட்டவை. செந்த்-எக்சுபெரியின் மனமோ ஒப்பவில்லை. அல்ஜியர்சில் மாதக்கணக்காக ஏங்கிக் கிடந்தார்.

1944-இல் அவருடைய நண்பரான கர்னல் ஷாசேன் சார்தீனியத் தீவில் இருந்த தம் குண்டு விமானப் பிரிவில் அவரைச் சேர்த்துக்கொண்டார். அதுவும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. நேச நாட்டு விமானப்படைத் தளபதி ஈக்கரிடம் மன்றாடினார். கடைசியில் மனமிரங்கி, 2/33-க்குத் திரும்ப அனுமதி தந்தார்கள். ஐந்து பயணங்கள் மட்டும். அதற்குமேல் கூடாது என்பது நிபந்தனை. மே மாதம் தம் பழைய தோழர்களிடம் போய்ச் சேர்ந்தார்.

ஐந்து முடிந்தது. அவர் நிறுத்தவில்லை. தோழர்கள் கவலைப்பட்டார்கள். அவரைத் தரையில் நிறுத்த ஒரு தந்திரம் செய்ய எண்ணியிருந்ததாகப் பிறகு கூறினார்கள். தென் பிரெஞ்சுக் கடற்கரையில் நேச நாட்டுப் படை இறங்கப்போகும் இரகசியத்தை அவரிடம் சொல்லிவிடுவது. இரகசியம் அறிந்தவர் எதிரியிடம் பிடிபட்டுவிடக் கூடாதாகையால், பிறகு அவரைப் பறக்க விடமாட்டார்கள். அன்பினால் பின்னிய அந்த வலை விரிக்கப்படுமுன்னே பறவை போய்விட்டது.

கடைசிப் பயணம்

1944 ஜூலை 31-ஆம் நாள் காலை எட்டே முக்கால் மணி. கார்சிகாத் தீவின் பொர்கோ தளத்திலிருந்து அவர் தனியே புறப்பட்டார். தாம் சிறுவனாய்ச் சைக்கிள் ஓட்டித் திரிந்த பகுதிக்கு அண்மையில், கிரெனோபிள், ஆனெசி பக்கங்களில் படம் எடுக்க வேண்டும். பிற்பகல் இரண்டரை மணிக்கு மேல் விமானத்தில் எரிபொருள் இருக்க வாய்ப்பில்லை என்று கணக்கிட்டார்கள். தோழர்கள் வானத்தையே பார்த்து நின்றார்கள். விமானம் வரவில்லை. பதினைந்து நாட்களில், ஆகஸ்டு 15-ஆம் நாள், நேச நாட்டுப் படைகள் அதே தென்கரையில் இறங்கின.

தாய் மரி நம்பிக்கையோடு காத்திருந்தார். போரின் குழப்பத்தில் தபால் எங்கெங்கோ தேங்கிக்கிடந்தது. மகன் மறைந்து ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1945 ஜூலையில், அவன் எழுதிய கடைசிக் கடிதம் தாயின் கைக்கு வந்து சேர்ந்தது. வாழ்நாளெல்லாம் பிறருடைய கடிதங்களை மலைதாண்டி, பாலைதாண்டிக் கொண்டுசேர்த்தவருடைய சொந்தக் கடிதம் இத்தனை தாமதமாய் வந்தது! அந்தத் தாய் 1972 வரை உயிர்வாழ்ந்தார்.

1998-இல் மார்செய் நகருக்கு அருகே ஒரு மீனவரின் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று சிக்கியது. அதில் அவர் பெயரும் மனைவி பெயரும் பொறித்திருந்தன. பின்னர் அந்தக் கடற்பகுதியில் விமானத்தின் சிதைவுகள் கிடைத்தன. 2003-இல் அவற்றை மேலே கொண்டுவந்தார்கள். ஓர் உதிரிப் பாகத்தில் இருந்த வரிசை எண்ணைக் கொண்டு, அது அவருடைய விமானமே என்று 2004-இல் உறுதி செய்தார்கள். பாரிசில் நாட்டின் பெரியோர்களை நினைவுகூரும் பாந்தெயோன் மண்டபத்தில் 1967 முதல் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிறந்த லியோன் நகரின் விமான நிலையமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் கற்பது என்ன?

அன்புத் தோழிகளே! பத்தாம் வகுப்பை முடிக்கும் நமக்கும் ‘எந்தப் பிரிவு?’ என்ற கேள்வி வாசலில் வந்து நிற்கிறது. கணிதப் பிரிவா, அறிவியலா, வணிகவியலா என்று வீட்டிலும் வகுப்பிலும் பேச்சு. சேர்ந்த பிரிவு பிடிக்காமல் மாற நினைப்பவர்களும் உண்டு. அப்படி மாறுவது குற்றமா என்று கேட்டால், செந்த்-எக்சுபெரியின் வாழ்க்கை குற்றம் இல்லை என்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை இருப்பதையும் அது காட்டுகிறது.

அவர் ஒவ்வொரு முறை மாறியபோதும், முன்பு பெற்ற பெருமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுக் கடைசி வரிசை மாணவராய் உள்ளே போனார். அதிகாரியாயிருந்தவர் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினார். பரிசு பெற்ற எழுத்தாளர் இருபது வயதுப் பையன்களோடு பாடம் கேட்டார். வேலை கடினம் என்று ஓடிப்போவதற்காக அவர் மாற்றம் கேட்டதில்லை. இருக்கும் இடத்தில் தம்மால் முழுமையாக உழைக்க முடியாது என்று தெரிந்தபோதே கேட்டார். நாமும் ஒரு பிரிவை விட்டு மாற விரும்பினால், இந்தக் கேள்வியை நம் மனச்சாட்சியிடம் கேட்டுப் பார்க்கலாம்: பாடம் கடினம் என்பதற்காகவா, அல்லது அங்கே நம் உழைப்புக்கு உண்மையான இடம் இருக்கிறது என்பதற்காகவா?

மற்றொன்றும் உண்டு. மூன்றாம் மாற்றத்தைப் படிக்கும்போது அவரைப் போற்றும் அதே மனம் சற்றுத் தயங்கவும் செய்கிறது. ஐந்தோடு நிறுத்தியிருந்தால் அவர் இன்னும் எத்தனை நூல்கள் எழுதியிருப்பார்! அந்தத் தாய் ஓராண்டுக்குப்பின் வந்த கடிதத்தைக் கையில் ஏந்தி அழ நேர்ந்திராது. ஆர்வம் பெரிது, அதைத் தடுக்கும் பெரியோரின் கவலையும் பெரிது. இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பது எளிதன்று. ஆனால் ஒன்று நிச்சயம். ஸ்ட்ராஸ்பூர்க்கில் அந்த இளைஞன் விமானத்தைத் துடைத்துக்கொண்டு மட்டும் நின்றிருந்தால், அல்லது மகனுக்காகப் பணம் திரட்ட அந்தத் தாய் மறுத்திருந்தால், பாலைவனத்தில் நட்சத்திரங்களைப் பார்த்து நிற்கும் குட்டி இளவரசனை நாம் சந்தித்தே இருக்கமாட்டோம்.

எந்தப் பிரிவில் நம்மைச் சேர்த்தாலும் அங்கே கற்பதை ஒழுங்காகக் கற்போம். மாற வேண்டிய காலம் வந்தால், தலைகுனிந்து மறுபடியும் அரிச்சுவடியைத் தொடங்க அஞ்சாதிருப்போம். நம் பின்னே நின்று பணமும் கண்ணீரும் தந்து அனுப்பும் அன்னையருக்கு, தாமதமின்றிக் கடிதமும் எழுதுவோம்.

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு